வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: புற்றுநோய் கண்ட குழந்தைகளில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள்?

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பு விகிதம் பற்றியே கேட்கின்றன. அனுப்பியவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

என் மகளுக்கு ஆறு வயது. இரண்டு மாதங்களுக்கு முன் ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் இருப்பதாகச் சொன்னார்கள். முதல் மாதக் கீமோ முடிந்து, எலும்பு மஜ்ஜையில் இப்போது நோய் தெரியவில்லை என்கிறார்கள். 90 சதவீதம் குணமாகும் என்று இணையத்தில் படித்தேன். என் கொழுந்தனாரோ சென்னையைப் பற்றிய ஒரு கட்டுரையை அனுப்பி, 40 சதவீதம்தான் என்கிறார். மருத்துவமனையில் கேட்டால் எண் எதுவும் சொல்லாமல், "நன்றாகப் போகிறது" என்று மட்டும் சொல்கிறார்கள். நான் எதை நம்புவது?
(ஒரு தாய், புதுக்கோட்டை மாவட்டம்)

இரண்டு எண்களும் உண்மையானவைதான் அம்மா. ஆனால் அவை வெவ்வேறு குழந்தைகளைப் பற்றியவை. அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா போன்ற இடங்களில் ஏ.எல்.எல். கண்ட குழந்தைகளில் ஏறக்குறைய 90 சதவீதத்தினர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் உயிருடன் இருக்கிறார்கள். நீங்கள் இணையத்தில் படித்தது அதைத்தான். கொழுந்தனார் அனுப்பியது, சென்னையின் புற்றுநோய்ப் பதிவகம் 1990 முதல் 2001 வரை பதிவான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துச் சொன்ன கணக்காக இருக்க வேண்டும். அதில் ரத்தப் புற்றுநோயுடன் மூளைக் கட்டி, எலும்புப் புற்று, சிறுநீரகப் புற்று என்று எல்லா வகைகளும் சேர்ந்திருந்தன. எல்லாவற்றுக்குமான மொத்த விகிதம் 40 சதவீதம் அளவில் இருந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் சிகிச்சை பெற்ற அந்தக் குழந்தைகளின் கணக்கை இன்று சிகிச்சை தொடங்கியிருக்கும் உங்கள் மகளுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

"ஐந்தாண்டுப் பிழைப்பு விகிதம்" என்பதைக் கேட்டுவிட்டு, குழந்தை ஐந்து ஆண்டுகள்தான் இருக்கும் போலிருக்கிறது என்று கலங்கிப்போகும் பெற்றோர் பலர் உண்டு. நோய் கண்டறிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் கழித்து நூறு குழந்தைகளில் எத்தனை பேர் உயிருடன் இருக்கிறார்கள் என்பதே அந்தக் கணக்கு. ஏ.எல்.எல். திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் சிகிச்சைக் காலத்திலோ, சிகிச்சை முடிந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலோதான் வரும். அதனால் ஐந்தாம் ஆண்டைத் தாண்டிய குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் அந்த நோயை முற்றிலும் கடந்துவிட்டவர்கள்.

நாட்டுக்கு நாடு இந்த எண் ஏன் இவ்வளவு மாறுகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்தப் பதில் நிறைவு பெறாது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதி படைத்த நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவானோரே குணமாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2010 முதல் 2014 வரை ஏ.எல்.எல். கண்ட குழந்தைகளைப் பல நாடுகளில் ஒப்பிட்ட பெரிய ஆய்வொன்றில் ஃபின்லாந்தில் 95 சதவீதம், ஈக்வடாரில் 50 சதவீதம் என்று வந்தது. இரு நாடுகளிலும் நோய் ஒன்றே, அடிப்படை மருந்துகளும் பெரும்பாலும் ஒன்றே. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, கீமோவின்போது வரும் தொற்றைச் சமாளிக்க முடியாமல் போவது, பாதியில் சிகிச்சை நின்றுபோவது ஆகிய மூன்றும்தான் இடைவெளியின் பெரும்பகுதியை உண்டாக்குகின்றன. இவற்றில் கடைசியானது நம் நாட்டில் மிகப் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவமனைகள் வெளியிடும் எண்களையும் சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டும். ஒரு மருத்துவமனைக்கு நூறு குழந்தைகள் வந்ததாகவும், அவர்களில் 15 பேர் பாதியில் நின்றுவிட்டதாகவும், மீதி 85 பேரில் 68 பேர் ஐந்து ஆண்டுகள் கழித்து நலமாக இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நின்றுபோன 15 பேரையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் 80 சதவீதம் வரும். அவர்களை இழந்ததாகக் கொண்டால் 68தான் வரும். நின்றுபோன குழந்தைகளையும் இழப்பாகவே கணக்கிடுவதுதான் நேர்மையானது. அப்படிக் கணக்கிடும் மருத்துவமனைதான் அந்தக் குழந்தைகளைத் திரும்ப அழைத்து வரவும் முயலும்.

இனி உங்கள் மகளைப் பற்றி. ஒன்று முதல் பத்து வயதுக்கு உட்பட்டிருப்பதும், நோய் கண்டறிந்த நாளில் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 50,000க்குக் குறைவாக இருந்திருப்பதும் நல்ல அறிகுறிகள். எந்த வகை அணுவிலிருந்து நோய் தோன்றியது, அதில் எந்த மரபணு மாற்றம் இருக்கிறது என்பவற்றையும் பார்ப்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, முதல் மாத முடிவில் எடுக்கும் எம்.ஆர்.டி. பரிசோதனை. நுண்ணோக்கியில் தெரியாத அளவுக்குக் குறைந்துபோன நோயணுக்களை, பத்தாயிரத்தில் ஒன்று இருந்தாலும் கண்டுபிடிக்கும் பரிசோதனை அது. அடுத்த முறை செல்லும்போது, "என் மகள் எந்த அபாயப் பிரிவில் இருக்கிறாள்? எம்.ஆர்.டி. எவ்வளவு வந்தது? இதே பிரிவில் இங்கு சிகிச்சை பெற்ற குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள்?" என்று மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவற்றுக்குக் கிடைக்கும் பதில் இணையத்தில் உள்ள எந்த எண்ணையும்விட உங்கள் மகளுக்கு நெருக்கமானது. எண் சொல்லத் தயங்கும் மருத்துவர்கள்கூட, இப்படிக் குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலும் விளக்கிச் சொல்வார்கள்.

என் பேரனுக்கு நான்கு வயது. அவனுக்கும் இதே நோய்தான். "உடம்பில் நோய் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருந்து சாப்பிட வேண்டும் என்கிறார்கள். தறி வேலை பார்த்துவந்த என் மகன் சென்னைக்கு அலைந்ததிலேயே வேலையை இழந்துவிட்டான். நாட்டு மருந்தால் உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம், கீமோவை நிறுத்திவிடுங்கள் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். நிறுத்தலாமா?
(ஒரு தாத்தா, சேலம்)

நிறுத்த வேண்டாம் ஐயா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது இதுதான்.

ஏ.எல்.எல். கண்டறியப்படும் நாளில் குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நோயணுக்கள் இருக்கக்கூடும். முதல் மாதக் கீமோ அவற்றில் மிகப் பெரும்பகுதியை அழித்துவிடுகிறது. ஆனால் பத்தாயிரத்தில் ஒன்றைக் காட்டும் பரிசோதனையிலும் எதுவும் தெரியவில்லை என்றால்கூட, பத்துக் கோடி அணுக்கள் வரை மறைந்திருக்க இடமுண்டு. அந்த மிச்சத்தை ஒழிப்பதற்காகத்தான் சில மாதங்கள் தீவிர சிகிச்சையும், அதற்குப் பின் நீண்ட காலம் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளும் தரப்படுகின்றன. மொத்தத்தில் இரண்டிலிருந்து இரண்டரை ஆண்டுகள் ஆகும். நோய் தெரியாமல் போனதும் சிகிச்சையை நிறுத்திய தொடக்க காலத்தில், சில மாதங்களிலேயே ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் திரும்பிவிட்டது.

வீட்டில் கொடுக்கும் மருந்துகளில் முக்கியமானவை இரண்டு. மெர்காப்டோபியூரின் மாத்திரையைத் தினமும் கொடுக்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவதைத் தவறுதலாகத் தினமும் கொடுத்துவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியில், வாரத்தின் அந்த ஒரு நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுங்கள். மாத்திரை கொடுத்த ஒவ்வொரு இரவும், கொடுத்தவர் யாரோ அவர் கையாலேயே ஒரு கோடு போடட்டும். அப்பா கொடுத்திருப்பார் என்று அம்மாவும், அம்மா கொடுத்திருப்பார் என்று அப்பாவும் விட்டுவிடும் இரவுகள் எல்லா வீட்டிலும் உண்டு. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், தர வேண்டிய மெர்காப்டோபியூரினில் 5 சதவீதத்துக்கு மேல் தவறவிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. மாதத்தில் இரண்டு நாள் விட்டுப்போனாலே 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். நாட்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் அது கல்லீரலில் இந்த மருந்துகளின் போக்கை மாற்றிவிடக்கூடும். ஆகவே மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

தொடர்ந்து நான்கு வாரங்கள் சிகிச்சைக்கு வராமல் போனாலே அதைச் "சிகிச்சையைக் கைவிடுதல்" என்று உலகெங்கும் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். பிள்ளை மேல் பாசமில்லாததால் யாரும் கைவிடுவதில்லை. கையிருப்பு தீர்ந்துபோகிறது, வேலை போகிறது, வீட்டிலிருக்கும் மற்றக் குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் போகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அது ஏற்கும். பேருந்துக் கட்டணம், தங்கும் செலவு, இழந்த கூலி ஆகியவை அதில் அடங்காது. குடும்பங்கள் முறிந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். விலையுயர்ந்த புதிய மருந்து ஒன்றை வாங்குவதைவிட, மருத்துவமனைக்கு அருகில் இலவசத் தங்குமிடமும் வராத குழந்தையின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்க ஒரு பணியாளரும் இருந்தால் நம் மாநிலத்தில் அதிகக் குழந்தைகள் பிழைப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் மகனிடம் சொல்லி, மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையொப்பம் வாங்கிக்கொள்ளலாம். மாத்திரைக் காலம் தொடங்கிய பின், ரத்தப் பரிசோதனைகளைச் சேலத்திலேயே எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட இடைவெளியில் மட்டும் சென்னைக்கு வரலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். பல மருத்துவமனைகள் இதற்குச் சம்மதிக்கின்றன, கேட்பவர்கள்தான் குறைவு.

இன்னொன்று, காய்ச்சல். சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் உடல் வெப்பம் 100.4 டிகிரியைத் தாண்டினால் அதை அவசர நிலையாகவே கருத வேண்டும், நள்ளிரவானாலும் சரி. பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று, "இவன் கீமோவில் இருக்கிறான், வெள்ளையணு குறைந்திருக்கலாம்" என்று உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறத் தொடங்க வேண்டும். நோயை வென்றுகொண்டிருக்கும் குழந்தையைத் தொற்றுக்குப் பறிகொடுப்பதுபோன்ற கொடுமை வேறில்லை.

அங்கன்வாடியில் பணிபுரிகிறேன். சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் எதைக் கவனிக்க வேண்டும்?
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

கண்ணின் கருவிழி நடுவே வெள்ளையாக ஒளிர்வதும், புதிதாக மாறுகண் தோன்றுவதும் விழித்திரைப் புற்றின் அடையாளமாக இருக்கலாம். கைபேசியில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில்தான் பல தாய்மார்கள் அந்த வெள்ளையை முதலில் பார்க்கிறார்கள். கண்ணுக்குள் இருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் இந்த நோயில் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றலாம், கண்ணைத் தாண்டிப் பரவிவிட்டால் கடினம். குளிப்பாட்டும்போது வயிற்றில் தட்டுப்படும் கட்டி, வெளிறிய முகத்துடன் விட்டு விட்டு வரும் காய்ச்சல், அடிபடாமலே தோன்றும் ரத்தக்கட்டுகள், கால் வலி என்று நடக்க மறுப்பது, காலையில் தலைவலியோடு வாந்தி ஆகியவற்றைக் கண்டால் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பெண் குழந்தை என்றால் இன்னும் ஒரு முறை கூடுதலாக வற்புறுத்துங்கள். ஆண் குழந்தைகளை அழைத்து வரும் அளவுக்குப் பெண் குழந்தைகளைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்து வருவதில்லை என்பதை இந்திய மருத்துவமனைப் பதிவேடுகள் காட்டுகின்றன. வடமாநிலங்களில் இந்த வேறுபாடு அதிகம், இங்கும் இல்லாமலில்லை.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னால் கடைசிக் காட்சியில் கதாநாயகி இறந்துவிடுவாள், எங்கள் காலத்துத் திரைப்படங்கள் அப்படித்தான் இருந்தன. அந்த நிலை எப்படி மாறியது?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

1947 வரை இந்நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில மாதங்களில் இறந்துவிடுவார்கள் ஐயா. அந்த ஆண்டின் இறுதியில் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயல்படும் அமினோப்டெரின் என்ற மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948இல் அவர் வெளியிட்ட அறிக்கையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று எழுதினார். இந்த வகை மருந்துகளை உருவாக்கிய ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948 ஆகஸ்டில் அவர் காலமானபோது, அந்த மருந்தால் நோய் முற்றாக நீங்கிய குழந்தை என்று ஒருவரையும் சொல்ல முடியாத நிலைதான் இருந்தது. அவருடைய பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் கூடுதலாக இடம்பெற வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. உங்களைப் போன்ற ஆசிரியர்கள் மாணவர்களிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மெர்காப்டோபியூரின் வந்தது, ஸ்டீராய்டுகள் வந்தன, நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிறிஸ்டின் கிடைத்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொடுத்தபோது நோய் தணிந்து மீண்டும் திரும்பியது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் தலைமையிலான குழுவினர் 1960களின் பிற்பகுதியில் எல்லா மருந்துகளையும் ஒன்றிணைத்துத் தந்தார்கள். மருந்து எளிதில் எட்டாத மூளையையும் முதுகுத்தண்டு நீரையும் சுற்றி நோயணுக்கள் ஒளிந்துகொள்வதை உணர்ந்து, அங்கும் சிகிச்சை அளித்தார்கள். அந்தத் திட்டத்தில்தான் முதன்முறையாகப் பாதிக் குழந்தைகள் குணமானார்கள். இன்று குழந்தைகளுக்கு முதுகில் போடும் ஊசி அந்தப் பாடத்தின் தொடர்ச்சி.

நம் நாட்டில் இந்த மாற்றம் வரக் கூடுதலாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1970களில் பெரிய புற்றுநோய் மையங்களிலும் 20 சதவீதத்துக்கும் குறைவான குழந்தைகளே நோயின்றி நிலைத்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் 1980களின் நடுவில் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றத் தொடங்கின. நம் குழந்தைகளின் உடல்நிலை, நம் ஆய்வக வசதி, தொற்றைச் சமாளிக்கும் திறன் ஆகியவற்றுக்கு ஏற்ப அதை வகுத்திருந்தார்கள். நான்கு ஆண்டுகள் நோயின்றி இருந்தோர் 45 முதல் 60 சதவீதமாக உயர்ந்தார்கள். புது மருந்து எதுவும் வந்து இது நடக்கவில்லை. இருந்த மருந்துகளையே எல்லோரும் ஒரே ஒழுங்கில், விடாமல், கணக்கு வைத்துக் கொடுத்ததால் நடந்தது.

என் மகனுக்கு ஏழு வயது. மூளைத்தண்டில் டி.ஐ.பி.ஜி. என்ற கட்டி. எல்லோரும் குழந்தைப் புற்றுநோய் குணமாகும் என்று எழுதுகிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?
(ஒரு தந்தை, சென்னை)

உங்கள் கேள்வி நியாயமானது. குழந்தைப் புற்றுநோய்களில் ஏ.எல்.எல்., ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, வில்ம்ஸ் கட்டி என்ற சிறுநீரகப் புற்று ஆகியவற்றில் கிடைத்த வெற்றி இந்த நோயில் இதுவரை கிடைக்கவில்லை. நோய் கண்டறிந்த பின் பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள், மிக வசதியான நாடுகளிலும் நிலை இதுதான். கட்டி நரம்புகளோடு பின்னிப் படர்ந்திருப்பதால் அறுவை சிகிச்சையால் அகற்ற இயலாது. கதிர்வீச்சு பல குழந்தைகளுக்குச் சில மாதங்கள் நடையையும் பேச்சையும் திருப்பித் தருகிறது. நீங்கள் முன்பே கவனித்திருந்தாலும் இது மாறியிருக்காது. இதை உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் அம்மாக்கள்தான் அந்தப் பழியை அதிகமாகச் சுமக்கிறார்கள்.

மூளைத்தண்டில் வரும் எல்லாக் கட்டிகளும் டி.ஐ.பி.ஜி. அல்ல, மெதுவாக வளரும் வகைகளும் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தை இதில் அனுபவமுள்ள மருத்துவர் ஒருவர் பார்த்து உறுதி செய்துவிட்டாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உறுதியாகிவிட்டதென்றால், கடன் வாங்கி ஊர் ஊராக அலைய வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். வலியையும் வாந்தியையும் விழுங்கச் சிரமப்படுவதையும் குறைக்கும் வலி நிவாரணப் பராமரிப்புக் குழுவை இப்போதே சந்தியுங்கள், கடைசி நாட்களுக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். மார்ஃபின் தேவைப்பட்டால் அஞ்சாதீர்கள். மகன் கேள்வி கேட்டால் மறைக்காமல், அவன் கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு வீட்டில் நிலவும் மௌனம் நன்றாகவே புரியும். எழுத விரும்பினால் மீண்டும் எழுதுங்கள், தனியே பதில் அனுப்புகிறேன்.

ஏழு வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்குக் கீமோவும் மார்பில் கதிர்வீச்சும் பெற்றேன். இப்போது 20 வயது, கல்லூரியில் படிக்கிறேன். நான் குணமானவன்தானா? திருமணம், குழந்தை எல்லாம் சாத்தியமா?
(ஒரு மாணவர், கோயம்புத்தூர்)

பதின்மூன்று ஆண்டுகள் நோயின்றிக் கடந்துவிட்டீர்கள், தம்பி. அந்த நோய் திரும்பும் என்று இனி அஞ்சத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது பெற்ற சிகிச்சையின் பின்விளைவுகளைத்தான். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏறியிருந்தால் இதயத்தை எக்கோ மூலம் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். மார்பிலோ கழுத்திலோ கதிர்வீச்சு பெற்றவர்கள் ஆண்டுதோறும் தைராய்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புகை பிடிக்கவே கூடாது. சில கீமோ மருந்துகள் ஆண்களின் விந்தணுவைக் குறைக்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும். எளிய விந்தணுப் பரிசோதனை ஒன்றில் நிலை தெரிந்துவிடும். உங்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு உங்கள் நோயாலோ சிகிச்சையாலோ புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரமில்லை. திருமணப் பேச்சில் இதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு எழுதி, சிகிச்சைச் சுருக்கம் என்ற அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவும் கதிர்வீச்சின் அளவும் இடமும் அதில் இருக்க வேண்டும். பழைய கோப்பு கிடைக்கவில்லை என்று சொன்னால், வீட்டில் அம்மா பத்திரப்படுத்தி வைத்திருக்கும் டிஸ்சார்ஜ் தாள்களை எடுத்துச் சென்று, குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஒருவரிடம் கொடுத்து அதை எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஒரு நகலைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, எந்த நோய்க்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.